பைன் ஊசியும் எட்டு ஜாடி மண்ணும்

செப்டம்பர் 3

மதிப்பிற்குரிய மச்சானுக்கு,

வணக்கம். ஞாயிறு காலை போனில் நீங்கள் "முடியாது" என்று சொல்லி வைத்த பிறகும் நான் போனைக் காதில் வைத்தபடியே நின்றிருக்கிறேன். உங்கள் தங்கை வந்து, "அண்ணன் வச்சு அஞ்சு நிமிஷம் ஆச்சு. இன்னும் யாருக்குத் தலையாட்டறீங்க?" என்று கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. உங்களுக்குக் காது மந்தமானதிலிருந்து போனில் நீங்கள் பேசுகிறீர்கள், நான் கேட்கிறேன். அதில் குறையில்லை, நமக்குள் முன்பும் அப்படித்தான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் என் பக்கத்தை முழுதாகச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அதனால் இந்தக் கடிதம்.

முழங்கால் அறுவைச் சிகிச்சைக்காக நீங்கள் மகள் வீட்டுக்குப் போய், இந்த வீட்டை எங்கள் பொறுப்பில் விட்டு இரண்டு வருடம் ஆகிறது. போகும்போது சமையலறைக் கதவின் பின்னால் ஒரு அட்டையில் தச்சுப் பென்சிலால் மூன்று கட்டளைகள் எழுதி ஒட்டினீர்கள். தண்ணீர் மோட்டாரைப் பத்து நிமிடத்துக்கு மேல் ஓடவிடக் கூடாது. பின்கதவுத் தாழ்ப்பாளைத் தூக்கித்தான் போட வேண்டும். பாத்தியில் விழும் ஊசிகளைத் தொடக் கூடாது. முதல் இரண்டை ஒரு நாளும் மீறியதில்லை. மூன்றாவதை முதல் வாரமே மீறினேன். இதை உங்களிடம் இதுவரை சொல்லாதது என் தவறு.

காரணம் இருக்கிறது. தோட்டத்து மூலையில் நிற்கும் உங்கள் பைன் மரம் வருடம் முழுதும் காய்ந்த ஊசியிலைகளைக் கொட்டுகிறது. அவை மக்கினால் மண்ணில் அமிலம் ஏறிப் புளித்துவிடும், புளித்த மண்ணில் காய்கறி வராது என்று நான் வைத்திருக்கும் தோட்டக்கலைப் புத்தகங்கள் இரண்டுமே சொல்கின்றன. எனவே தினமும் காலை ஆறரையிலிருந்து ஏழரை வரை இரும்பு வாரியால் வாரி, மூட்டை நிறைந்ததும் கட்டி, குப்பை வண்டிக்குக் கொடுத்துவிடுகிறேன். இன்றோடு அறுபத்தோரு மூட்டை. புளிப்பு முறிய, மாதம் ஒருமுறை ஆறு பாத்திகளுக்கும் சுண்ணாம்புத் தூள் தூவுகிறேன். இவ்வளவு செய்தும் நிலைமை மோசமாகிக்கொண்டே போகிறது. முதல் வருடம் பீன்ஸ் ஒரு கூடை வந்தது. இந்தப் பருவத்தில் பதினோரு காய். இலைகளில் நரம்பு மட்டும் பச்சை, மற்றதெல்லாம் மஞ்சள்.

நான் வாருவதைவிட மரம் வேகமாக உதிர்க்கிறது. எனக்கு எழுபத்திரண்டு வயதாகிறது. மரத்தை வெட்டிவிட உங்கள் சம்மதத்தைக் கேட்கிறேன். வீடு உங்களுடையது, மரமும் உங்களுடையது. தவறாகக் கேட்டிருந்தால் மன்னிக்கவும்.

தங்கள் அன்புள்ள மாப்பிள்ளை

பி.கு.: மோட்டார் நலம்.

*

செப்டம்பர் 11

மாப்பிள்ளைக்கு,

கடுதாசி வந்தது. கையெழுத்து கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு. விஷயம்தான் கருமாதி.

முடியாது.

ஏன்னு கேப்பீங்க, நீங்க கேக்காட்டியும் உங்க புத்தகம் கேக்கும். நாப்பத்தஞ்சு வருஷம் தச்சு வேலை பார்த்தேன். எத்தனை மரம் இந்தக் கையால பலகையாச்சுன்னு எனக்கே தெரியாது. அந்த மனை வாங்கினப்ப மூலையில அது நின்னுது, என் உயரம்தான் இருக்கும். கொத்தனார் வெட்டிடலாம்னார். நான் சும்மா நின்னு பார்த்தேன், இருந்துட்டுப் போகட்டும்னுட்டேன். பார்த்ததும் எத்தனை அடி தேறும்னு மனசு கணக்குப் போடாத மரம், எனக்குத் தெரிஞ்சு அது ஒண்ணுதான்.

அதே மரத்தடியில எட்டு வருஷம் காய் பறிச்சேன். ஊசி மெத்தை மாதிரி கெடக்கும். எனக்கு மட்டும் எப்படிக் காய்ச்சுது? உங்க புத்தகம் எழுதினவர் வந்து சொல்வாரா?

முப்பத்திநாலு வருஷம் குடிதண்ணி ஆபீசுல பாட்டில்ல ஊத்தி ஊத்திக் கலர் பார்த்தீங்களே, உங்க காலடி மண்ணை ஒரு நாளாவது எடுத்துப் பார்த்தீங்களா?

தங்கச்சியைக் கேட்டதாச் சொல்லுங்க. அறுபத்தோரு மூட்டை கட்டினவருக்கு ஒரு கைத்தடி அனுப்பலாம்னு இருக்கேன். எதுக்குன்னு அவளே முடிவு பண்ணிக்கட்டும்.

மச்சான்

*

செப்டம்பர் 20

மதிப்பிற்குரிய மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தை உங்கள் தங்கைக்கு வாசித்துக் காட்டினேன். கைத்தடி வரியைத் தாண்டிப் போகப் பார்த்தேன். பின்னால் நின்று தானே படித்துவிட்டாள். அதிலிருந்து நான் வாரியை எடுத்தால், "தடி எப்போ வருதாம்?" என்கிறாள்.

நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. என் வேலையே பரிசோதனை. பக்கத்து ஊர்க் கிணறுவரை போய்த் தண்ணீர் எடுத்து வந்தவன், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மண்ணைப் புத்தகத்தை நம்பி விட்டுவிட்டேன். எனவே இப்போது முறைப்படி செய்கிறேன். எட்டு ஜாடிகள். ஆறு பாத்திகளுக்கு ஆறு. ஏழாவது, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உள்ள சந்து. அங்கே என் வாரி நுழையாது, ஊசி கணுக்கால் அளவு கிடக்கிறது. எட்டாவது, மரத்தின் அடியிலேயே எடுத்தது. மண்ணை நிழலில் உலர்த்திச் சலித்து, காய்ச்சி வடித்த தண்ணீரில் கலக்கி, அரை மணி தெளியவிட்டு, சோதனைத் தாளை நனைத்து நிறம் பார்க்க வேண்டும். தாள் வாங்கச் சொல்லியிருக்கிறேன், இந்த வாரம் வந்துவிடும். ஜாடிகள் சமையலறை ஜன்னலில் வரிசையாக இருக்கின்றன. "ஊறுகாயா?" என்று பால்காரர் கேட்டாராம். "ஆமா, அவரோட தலையெழுத்தை ஊறப் போட்டிருக்கார்" என்று உங்கள் தங்கை சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

முடிவு நான் எதிர்பார்ப்பது போல வந்தால் சம்மதம் தருவீர்களா? ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மரம் வெட்டுபவரிடம் ஏற்கெனவே பேசி, அக்டோபர் பதினான்கு என்று நாள் குறித்திருக்கிறேன். அவர் கிடைப்பது அரிது, அதனால்தான். நீங்கள் வேண்டாம் என்றால் நிறுத்திவிடுவேன்.

நேற்று உங்கள் தங்கை கடையில் பீன்ஸ் வாங்கி வந்தாள். நறுக்கும்போது ஒன்றை ஒடித்துப் பார்த்து, "சத்தமே வரலை. அண்ணன் தோட்டத்துக் காய் ஒடிச்சா அடுத்த அறைக்குக் கேக்கும்" என்றாள். என்னைக் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

தங்கள் அன்புள்ள மாப்பிள்ளை

*

அக்டோபர் 1

மாப்பிள்ளைக்கு,

சம்மதம். வெட்டிக்குங்க. கீழே கையெழுத்து போட்டிருக்கேன், வெட்ட வர்றவர் கேட்டா காட்டலாம். ஜாடி, தாளு எதுவும் வேண்டாம். முடிவு என்னவா இருந்தாலும் சரி.

தங்கச்சி கடையில பீன்ஸ் வாங்கினான்னு எழுதியிருந்தீங்களே, அதை மூணு தடவை படிச்சேன். இங்க நாலாவது மாடி. பால்கனியில ரெண்டு தொட்டி, அதுல என்னமோ ஒரு பூ, பெயர் கேட்டா மகளுக்கும் தெரியலை. அந்த ரெண்டு தொட்டிக்கே காலையில எழுந்ததும் போய் நிக்கறேன். நீங்க ஒரு மணி நேரம் வாரறது எனக்குப் புரியாம இல்லை.

மகள்கிட்ட சொன்னேன். "மாமாவும் அத்தையும் அந்த வீட்டுல இருக்காங்க, நீங்க இங்க உட்கார்ந்துட்டு மரத்துக்குக் காவல் காக்கறீங்களா?"ன்னு கேட்டா. அப்புறம்தான் இந்தக் கடுதாசி எழுத உட்கார்ந்தேன்.

ஒண்ணே ஒண்ணு. அடிமரத்துல நாலடி எனக்கு எடுத்து வைங்க. மழையில நனையாம. என்ன செய்யறதுன்னு அப்புறம் பார்த்துக்கலாம். நான் இல்லாதப்ப வெட்டச் சொல்லுங்கன்னு எழுத வந்தேன். அதான் இல்லையே.

மச்சான்

*

அக்டோபர் 9

மதிப்பிற்குரிய மச்சானுக்கு,

இது இந்தக் கடிதத்தின் ஐந்தாவது பிரதி. முதல் நான்கையும் கிழித்துவிட்டேன். உங்கள் சம்மதக் கடிதம் ஆறாம் தேதி வந்தது. பரிசோதனை முடிவு எனக்குச் செப்டம்பர் இருபத்தாறாம் தேதியே தெரியும். நடுவில் இருந்த பத்து நாளும் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

ஏழாவது ஜாடி, எட்டாவது ஜாடி இரண்டிலும் புளிப்பு என்று சொல்லும்படி எதுவும் இல்லை. காய்கறிக்கு எது நல்லது என்று என் புத்தகம் சொல்கிறதோ, ஏறக்குறைய அதே நிறம். ஊசி மெத்தையாகக் கிடக்கும் இடங்கள் அவை. கெட்டுப் போயிருப்பது ஒன்று முதல் ஆறு வரை. நான் தினமும் துடைத்து வைத்த பாத்திகள். அவையும் புளித்துக் கெடவில்லை. நேர் எதிர்ப்பக்கம், காரம் ஏறிக் கெட்டிருக்கின்றன. ஆறு ஜாடியிலும் தாள் கரும்பச்சை தாண்டி நீலத்துக்குப் போய்விட்டது. காரம் மிஞ்சினால் செடியால் மண்ணில் இருக்கும் இரும்புச் சத்தை எடுக்க முடியாது, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். இதை நான் படித்தவன்தான். வேலையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சொல்லிக்கூடக் கொடுத்திருக்கிறேன்.

மரம் எதையும் செய்யவில்லை, மச்சான். என் சுண்ணாம்பு செய்தது.

தாள் பழையதோ என்று சந்தேகப்பட்டு மூன்று முறை செய்தேன். பிறகு நான் வேலை பார்த்த பரிசோதனைக் கூடத்துக்கே எட்டையும் எடுத்துப்போனேன். என்னிடம் உதவியாளராகச் சேர்ந்த பெண் இப்போது அங்கே தலைமை. கருவியில் வைத்துப் பார்த்துவிட்டு, "சார், இது யாரோட தோட்டம்? பக்கத்துல சுண்ணாம்புச் சூளை ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள். நான், "என் மச்சானோட தோட்டம்" என்றேன். பொய் இல்லை. ஆனால் அந்த நிமிடம் அதைச் சொன்ன காரணம் எனக்குத் தெரியும். பேருந்தில் திரும்பும்போது ஜாடிகளை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு உங்கள் தங்கை தினமும், "மண்ணு என்ன சொல்லுது?" என்று கேட்டாள். "இன்னும் பார்த்துக்கிட்டிருக்கேன்" என்று தினமும் சொன்னேன். உங்கள் சம்மதம் வந்தபோது என் மனதில் முதலில் வந்தது என்ன என்பதையும் எழுதிவிடுகிறேன். மரம் போய்விட்டால், சுண்ணாம்பை நிறுத்திவிட்டால், ஒரு வருடத்தில் மண் தானாகத் தேறும். எல்லோரும் மரம் போனதால் தேறியது என்பார்கள். யாருக்கும் எதுவும் தெரியாது. அன்று மதியம் முழுதும் அந்த யோசனை எனக்குச் சௌகரியமாக இருந்தது. சாயங்காலம் தொட்டியில் தண்ணீர் பார்க்கப் போனேன். பின்னால் அந்தச் சந்தில், ஊசிக்கு நடுவே, யாரும் போடாத ஒரு தக்காளிச் செடி இடுப்புயரம் வளர்ந்திருக்கிறது. ஒன்பது காய். இரண்டு வருடமாகத் தினமும் அந்தச் சந்துக்கு நான்கு அடி தள்ளி நின்று வாரியிருக்கிறேன், ஜாடிக்கு மண் எடுத்தபோதும் கவனிக்கவில்லை.

உங்கள் தங்கையிடம் அங்கேயே கூப்பிட்டுச் சொன்னேன். அவள் அந்தச் செடியைக் குனிந்து பார்த்தாள். பிறகு, "இதை எங்கிட்ட சொல்லி என்ன? அண்ணனுக்கு எழுதுங்க. நான் போன்ல சொல்ல மாட்டேன்" என்றாள்.

அட்டையில் நீங்கள் எழுதியது சரி. புத்தகத்தை நம்பிய நான்தான் தவறு. உங்கள் எட்டு வருட மண்ணை இரண்டு வருடத்தில் கெடுத்தேன். நீங்கள் வீட்டைத் திரும்பக் கேட்டாலும் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

மரம் வெட்டுபவர் பதினான்காம் தேதி வருகிறார். அவரிடம் பேச வேண்டும். நாலு முறை எண்ணை அழுத்தி, மணி அடிக்கும் முன் வைத்துவிட்டேன். எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தங்கள்
மாப்பிள்ளை

*

அக்டோபர் 16

மாப்பிள்ளை,

நாலு பக்கம் எழுதியிருக்கீங்க. ஜாடி இருக்கு, தாளு இருக்கு, பஸ்ஸுல ஜன்னல் பக்கம் பார்த்தது இருக்கு. மரம் இருக்கா இல்லையா?

உங்க கடுதாசி நேத்துதான் கைக்கு வந்தது. பதினாலு போயிடுச்சு. மகள் போன் போட்டுத் தர்றேன்னா. வேண்டாம்னுட்டேன். அது இல்லைன்னு காதால கேக்கற தெம்பு எனக்கு இல்லை. எழுதுங்க, தனியா உட்கார்ந்து படிச்சுக்கறேன். மரம் நின்னா உடனே வர்றேன். டாக்டர் பயணம் போகலாம்னு எப்பவோ சொல்லிட்டார். விழுந்திருந்தா கொஞ்ச நாள் கழிச்சு வர்றேன். எப்படியும் வருவேன். உங்க மேல கோபம்னு மட்டும் நினைக்காதீங்க. வீட்டைத் திரும்பக் கேக்கறதா? போதும், அந்த வரியை அடிச்சிடுங்க.

நீங்க நாலு தடவை எழுதிக் கிழிச்சுச் சொன்னதால நானும் ஒண்ணு சொல்லிடறேன். ஊசியைத் தொடாதேன்னு எழுதினேனே, அது பெரிய ஞானம்னு நினைச்சீங்களா? எனக்கு மண்ணும் தெரியாது, புளிப்பும் தெரியாது. முழங்கால் மடங்கலை. குனிஞ்சா எழுந்திரிக்க முடியாது. வாராம விட்டேன். விட்டதும் நல்லா காய்ச்சுது, களையும் வரலை, தண்ணியும் கம்மியாத்தான் கேட்டுது. சரி, நம்ம புத்தியாலதான்னு வச்சுக்கிட்டேன். எட்டு வருஷமா வலியை மறைச்சேன்னு தங்கச்சிக்குத் தெரிஞ்சா சும்மா விட மாட்டான்னு, கிளம்பும்போதும் கட்டளை மாதிரியே அட்டையில எழுதினேன். எட்டு வருஷம் என்னை எல்லாரும் விவசாயின்னு சொன்னாங்க. நான் குனிய முடியாத ஆசாமி, அவ்வளவுதான்.

இப்ப ரெண்டு பேரும் சமம். மரம் இருக்கா?

மச்சான்

*

அக்டோபர் 22

அன்புள்ள மச்சானுக்கு,

மரம் நிற்கிறது.

கடந்த கடிதத்தில் மற்ற எல்லாவற்றையும் எழுதிவிட்டு இதை விட்டது என் வழக்கமான குறை. அதை அனுப்பும்போது எனக்கே தெரியாது என்பதும் உண்மை. பதினான்காம் தேதி விடியும்வரை நான் அவருக்குப் போன் செய்திருக்கவில்லை.

எட்டு மணிக்கு வந்துவிட்டார். இரண்டு ரம்பம், பெரிய கயிறு, ஏணி. நேரே பின்பக்கம் போய் அண்ணாந்து பார்த்து, "இந்தப் பக்கமா சாய்ச்சா பாத்தி போயிடும். சுவர்ப் பக்கம் சாய்ச்சுடலாமா?" என்று கேட்டார். என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். அது சட்டைப் பையில் இருந்தது, எடுக்கக் கை வரவில்லை. உங்கள் தங்கை சமையலறை ஜன்னலில் நின்றாள். அவள் வந்து சொல்லிவிடுவாள் என்று ஒரு நிமிடம் காத்திருந்தேன். வரவில்லை. ஜன்னலைவிட்டு நகரவும் இல்லை. அவர் கயிற்றை அடிமரத்தில் சுற்ற ஆரம்பித்தார். நான் நடந்துபோய் மரத்துக்கும் அவருக்கும் நடுவில் நின்றேன். கயிறு என்னையும் சேர்த்து அரைச் சுற்று சுற்றிவிட்டது.

"நகருங்க ஐயா, மேல விழுந்துடும்" என்றார்.

"மரத்தை வெட்ட வேண்டாம். தப்பு என்னோடது. மண்ணைக் கெடுத்தது நான்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். "அதை நேத்தே ஒரு போன் பண்ணிச் சொல்லியிருக்கலாமே ஐயா?" என்றார்.  ஜன்னலிலிருந்து உங்கள் தங்கைதான், "அவருக்கு மனுஷனை நேர்ல பார்த்தாத்தான் பயம் போகும்" என்றாள். இது உண்மை இல்லை. நேரில்தான் எனக்குப் பயம் அதிகம். ஆனால் அவள் அப்படிச் சொன்னது நன்றாக இருந்தது.

வந்தவரைச் சும்மா அனுப்ப மனமில்லை. கூரையில் உரசிக்கொண்டிருந்த இரண்டு கீழ்க்கிளைகளை மட்டும் எடுக்கச் சொன்னேன். உங்களைக் கேட்காமல் செய்தது. இரண்டும் தொடை கனம் இருக்கும், நேராக இருக்கின்றன. நீங்கள் கேட்ட நாலடி அளவுக்கு நறுக்கி வாங்கி, பின்வாசல் ஓட்டுக்குக் கீழே நிழலில் அடுக்கியிருக்கிறேன்.

சுண்ணாம்பு மூட்டையில் மிச்சம் இருந்ததைப் பக்கத்து வீட்டில் வெள்ளையடிக்க வந்தவரிடம் கொடுத்துவிட்டேன். குப்பை வண்டிக்காரர் வந்தபோது அறுபத்தாறாவது மூட்டையை அவரிடமிருந்து திரும்ப வாங்கினேன். ஏறியதை இறக்கிக் கொடுப்பது இதுதான் முதல் தடவை என்றார். அதையும் தொட்டிக்குப் பின்னால் இருந்து கொஞ்சமும் சேர்த்து, மக்கிய எருவுக்கு மேல் ஆறு பாத்திகளுக்கும் பரப்பினேன். எருவும் ஊசியும் சேர்ந்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக மீட்கும் என்று பரிசோதனைக் கூடத்துப் பெண் சொன்னாள். அவளிடம் போய், தோட்டம் மச்சானுடையது, சுண்ணாம்பு என்னுடையது என்று சொல்லிவிட்டு வந்தேன். சிரித்துவிட்டு, அடுத்த வருடம் அதே எட்டு ஜாடி கொண்டு வாருங்கள் சார் என்றாள். இப்போதைக்குக் காரத்தைச் சகிக்கும் முட்டைக்கோஸ் நட்டிருக்கிறேன். பீன்ஸுக்குப் பொறுக்க வேண்டும்.

உங்கள் முழங்கால் விஷயத்தை உங்கள் தங்கைக்கு வாசித்தபோது அவள் சிரித்த சிரிப்பில் பால் பொங்கிவிட்டது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எட்டு வருஷம் வலியோட இருந்திருக்கார், ஒரு வார்த்தை சொல்லலை" என்றாள். வந்ததும் உங்களிடம் கேட்கப் போகிறாள், தயாராக வாருங்கள். கதவுக்குப் பின்னால் இருக்கும் அட்டையில் நான்காவதாக ஒன்று எழுதியிருக்கிறாள்: "புத்தகத்தில் படித்ததை ஒருமுறை ஜாடியில் போட்டுப் பார்க்கவும்." உங்கள் மூன்றையும் நான் அழிக்கவில்லை. காரணம் எதுவாக இருந்தாலும் மூன்றாவது சரியான கட்டளைதான்.

நேற்று ஊசி பரப்பும்போது கவனித்தேன். என்னாலும் இப்போது குனிந்தால் சுவரைப் பிடிக்காமல் எழ முடிவதில்லை. அந்தக் கிளைகளில் உயரம் குறைவாக இரண்டு முக்காலி வருமா? பாத்திக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டே வேலை செய்யலாம். வாசல் பக்கத்து அறையிலிருந்த உங்கள் கட்டிலை வெயிலில் போட்டு எடுத்தாகிவிட்டது. தொட்டிக்குப் பின்னால் தக்காளி இரண்டு பழுத்திருக்கிறது, பறிக்காமல் வைத்திருக்கிறோம்.

அந்தக் கிளைகள் அறுக்கும் முன் எத்தனை நாள் காய வேண்டும் என்று எனக்குத் தெரியாது. புத்தகத்தில் பார்க்கவில்லை. நீங்கள் வந்து சொல்லுங்கள்.

தங்கள் அன்புள்ள மாப்பிள்ளை